ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம்

அந்த யோசனை எனக்குத் தோன்றியது மயிலாப்பூரில், ஒரு மாடிப்படியின் கீழே, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது. ஆய்வேட்டின் முன்னுரையில் 'நூலகத்தில் தோன்றியது' என்று எழுதிவைத்திருக்கிறேன். நம்ப வேண்டாம். நூலகத்தில் எனக்கு வந்ததெல்லாம் தூக்கம்தான்.

நான் ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன். இனம், புலம்பெயர்வு, மனித உரிமை மூன்றும் ஒரே நாவலில் வந்தால் அது என் நாவல். நாடு விட்டு நாடு போகிறவர்களை எல்லையில் நிறுத்திச் சீருடைக்காரர் ஒருவர் கேள்வி கேட்கும் காட்சி எந்தப் புத்தகத்தில் வந்தாலும் அதன்மேல் மஞ்சள் பேனாவால் பூசிவிடுவேன். பூசிப் பூசிப் பேனாக்கள் தீர்ந்தனவே தவிர ஆய்வேடு நகரவில்லை. கல்யாண வீடுகளில் "என்னம்மா படிக்கிற?" என்று கேட்பவர்களிடம் பி.எச்டி என்பதோடு நிறுத்திக்கொள்வேன். தலைப்பைச் சொன்னால், நான் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய நிலத்தகராறை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அன்று மயிலாப்பூருக்கு ஆய்வுக்காகப் போகவில்லை. என் தோழிக்கு வீடு பார்க்கப் போனோம். தோழி தான்சானியாக்காரி. இங்கே கணக்கியல் படிக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கோளாறு. சென்னையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அம்மா வந்து தங்க வீடுதான் இல்லை. தோழி இருக்கும் விடுதியில் விருந்தாளிகளைச் சேர்க்கமாட்டார்கள். லாட்ஜில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், கட்டுப்போட்ட கண்ணோடு மாதக்கணக்கில் ஓட்டல் சாம்பாரைச் சாப்பிடச் சொல்ல வேண்டும். படியேறத் தேவையில்லாத ஒரு கீழ்வீடு, அதில் ஒரு சமையலறை. அவள் கேட்டது இவ்வளவுதான்.

அவள் பேசும் தமிழைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களிடம் பேரம் பேசிப் பேசிக் கற்ற தமிழ் அது. செவுளைத் தூக்கிப் பார்த்து "இன்னாமே, நேத்து மீனா?" என்று அவள் கேட்டால், கூடையில் மிச்சமிருக்கும் மீன்களும் வெட்கப்படும். என்னிடம் பாதி ஆங்கிலமும் பாதி பட்டினப்பாக்கமுமாகப் பேசுவாள். ஆங்கிலப் பாதியையும் நான் பட்டினப்பாக்கத்திலேயே எழுதுகிறேன். அவளுக்கு அதுதான் பொருந்துகிறது.

மயிலாப்பூர் வீட்டில் வாடகைப் பகுதி கீழே, வீட்டுக்கார மாமி மேலே. மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டிருந்ததால், பலகைமேல் நடந்து, தகரத்தைச் சுற்றி, ஒருவழியாக மேலே ஏறி மணியடித்தோம். மாமி கதவைத் திறந்தார். தோழியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இவாளுக்கு சரிப்படாதும்மா. சைவாளுக்குத்தான் குடுக்கறதுன்னு வெச்சுண்டிருக்கோம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, "நீ எந்த ஊர்?" என்றார்.

"ஆதம்பாக்கம், மாமி."

"அதுக்கு முன்னாடி?"

"ஆலந்தூர்."

"அதெல்லாம் இங்கேயேன்னா இருக்கு? பூர்வீகம் எது? ஆத்துல அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எங்க?"

இதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. எங்கள் வீட்டில் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்த வயதிலேயே இதையும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஊர் கேட்டால் ஆதம்பாக்கம். அதற்கு முன்னால் என்றால் ஆலந்தூர். அதற்கும் முன்னால் என்றால் பஸ் வந்துவிட்டது. "லேட்டாயிடுச்சு மாமி" என்று சிரித்துவிட்டு இறங்கினேன்.

கீழே தோழி தன் ஷூவின் முடிச்சைப் போட்டபடியே கேட்டாள்: "இன்னாமே இது? எனுக்கு ஒரு கேள்விகூட இல்ல. மூஞ்சியப் பாத்துச்சு, முடிஞ்சுபோச்சு. உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு இத்தினி கேள்வி?"

"சும்மாதான். ஊர் வழக்கம்."

"உன் மூஞ்சில எய்தல போல."

"என்ன எழுதல?"

"அது இன்னாவோ அது. அத்தத்தான் அந்தம்மா தேடிக்கினு இருந்துச்சு."

ஒரு செருப்பை மாட்டி, மறு செருப்பை மாட்டாமல் நின்றேன். என் மஞ்சள் பேனா நாவல்களில் சீருடைக்காரர் என்ன கேட்கிறார்? எங்கிருந்து வருகிறாய், உன் ஆட்கள் யார், எதற்காக உள்ளே வர வேண்டும். மாமி கேட்டதும் அதேதான். சீருடைக்குப் பதில் நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு. கடல் தாண்டிப் போய் நான் தேடிக்கொண்டிருந்த எல்லைச் சாவடி தெருவுக்குத் தெரு டூ-லெட் போர்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது! நியாயமாக எனக்கு அந்த இடத்தில் அவமானம் வந்திருக்க வேண்டும். அத்தியாயத் தலைப்புதான் வந்தது.

மறுநாளே ஓடிப்போய்க் கைடிடம் சொன்னேன். என் கைடு புலம்பெயர் இலக்கியத்தில் பெரிய ஆள். அவருடைய அறை ஏசியில் உட்கார்ந்து புலம்பெயர்ந்தோரின் துயரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பல் கிட்டும்.

"பிரமாதம்! ஆனா இலக்கியப் பிரதி எங்க?" என்றார்.

"அந்த மாமி பேசினதுதான் சார் பிரதி."

"ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"இல்ல சார். கூச்சமா இருந்துச்சு."

"பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் வீடு பாருங்க. நல்ல களம்."

வீடு சீக்கிரம் கிடைத்துவிட்டால் அத்தியாயம் என்னாவது என்கிற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. என் முகத்திலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், தோழி கண்டுபிடித்துவிட்டாள். "என்ன வெச்சி நீ டாக்டர் ஆயிடுவ. எங்கம்மாவ டாக்டராண்ட இட்டுகினு போவ ஒரு வூடு இல்ல" என்றாள். வீடு கிடைக்கும்வரை அத்தியாயத்தில் ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று உத்தரவும் போட்டாள். ஒப்புக்கொண்டேன்.

அடுத்ததாக ஒரு புரோக்கரைப் பிடித்தோம். என்னை மேடம் என்றும் அவளை சிஸ்டர் என்றும் கூப்பிட்ட நல்ல மனிதர். "போன்ல எதையும் சொல்லாதீங்க மேடம். நேர்ல பாத்தா மனசு மாறும்" என்பது அவர் கொள்கை. மனசு மாறத்தான் செய்தது. போனில் 'வாங்க வாங்க' என்றவர்கள் எல்லாம் நேரில் பார்த்ததும், நேற்றுதான் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நிறம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் என் நிறத்துக்கும் அவள் நிறத்துக்கும் பெரிய தூரமில்லை. எங்கள் தெரு ஃபேன்சி ஸ்டோர்க்காரர், நான் பொட்டு வாங்கப் போனாலும் கேட்காமலே சிவப்பழகு கிரீமை எடுத்து மேஜைமேல் வைக்கிறவர்தான்.

தி. நகரில் ஒரு வீடு இருந்தது. பாத்திரக்கடை வைத்திருக்கும் தென்மாவட்டக் குடும்பம். அங்கே போவதற்கு முன்னால்தான் என் மூளை வேலை செய்தது. என் அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. அந்தத் திமிரில் தோழிக்குப் பாடம் எடுத்தேன். இன்னா கூடாது, கீது கூடாது, வீட்டுக்காரர்கள் மிரண்டுவிடுவார்கள். நல்ல தமிழ் பேசினால் மரியாதை தானாக வரும். பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்யவைத்தேன்.

"இப்டி யார்மே பேசுறா?" என்றாள்.

"யாரும் பேசறதில்ல. அதனாலதான் மரியாதை."

புரோக்கர் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கேட்டருகில் போய் நின்றோம். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் வந்தார். தோழி கைகூப்பி, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்: "வணக்கம் ஐயா. தங்கள் இல்லத்தை நாடி வந்துள்ளோம். என் அன்னையின் கண்கள் ஒளி பெற வேண்டும்."

கடைசி வாக்கியம் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. உற்சாகத்தில் அவளே சேர்த்தது.

பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பதிலுக்குக் கைகூப்பினார். "வேண்டாந்தாயி. நாங்க சாமி கும்புடுற ஆளுக. போன வாரந்தான் ரெண்டு பேரு வந்து புஸ்தகம் குடுத்து செவம் பண்ணிட்டுப் போனாக."

"செபம்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் திருத்தியது.

"நாங்க அதுக்கு வரலைங்க, வீட்டுக்காகத்தான் வந்தோம்" என்றேன்.

"வீட்டுக்கு வீடுதான் வாரீக, தெரியுது" என்றார். கோபமே இல்லை. அவர் மனைவி குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு, பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புரோக்கர் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னா மேடம் பண்ணீங்க? வெளிநாட்டுக்காரங்கன்னு அவருகிட்ட மட்டும்தான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். மனுசன் சரின்னுட்டாரே!" அவர் எவ்வளவு விளக்கியும் மதிலுக்கு அந்தப் பக்கம் சந்தேகம் தீரவில்லை. சுத்தத் தமிழ் பேசும் வெளிநாட்டுக்காரர்கள் என்ன வேலையாக வருவார்கள் என்பது அந்த வீட்டுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

திரும்பும்போது தோழி அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "அன்னை, இல்லம், நாடி. உங்கம்மா டீச்சரா, பாதிரியாரா?" என்றாள். அதன் பிறகு நான் பாடம் எடுக்கவில்லை.

அடையாறு வீட்டை அவளே கண்டுபிடித்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், ஒரு முட்டுச்சந்தில், போர்டைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனோம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், மாடியில் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டார். சொன்னாள்.

"கரிபு!" என்று கத்தினார் அவர். "கரிபு சனா! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

அவள் நாட்டு மொழியில் அதற்கு 'வருக, மிகவும் வருக' என்று அர்த்தமாம். இளம் வயதில் தார்-எஸ்-ஸலாம் துறைமுகத்தில் கிரேன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்திருக்கிறார். இருவரும் சுவாஹிலியில் பொழிந்து தள்ளினார்கள். நடுவில் நான்தான் வெளிநாட்டுக்காரி. அவர் கையாலேயே டிகிரி காபி போட்டுக் கொடுத்தார்.

"அங்க போய் இறங்கினப்போ எனக்கு ஒரு ஆள் தெரியாதும்மா" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். "என் வொய்ஃபுக்கு வலி வந்தப்போ நான் டூட்டியில இருக்கேன். கீழ்வீட்டம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போனா. அந்த ஊர்க்காராளுக்கு நான் வீடு இல்லேன்னு சொல்வேனா?"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை கதவுகளுக்கு முன்னால் அசையாத முகம் அது.

கீழே அழைத்துப்போய்க் காட்டினார். சின்ன வீடு, நல்ல வெளிச்சம். குளியலறைச் சுவரில், கடைசிக் காலத்தில் மனைவிக்காக அவர் பொருத்திய ஒரு கம்பி இருந்தது. "அம்மாவ இதப் பிடிச்சுக்கச் சொல்லு, வழுக்காது" என்றார். தோழி அதைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். கம்பி அசையவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மறுபடி மேலே போனோம். இன்னொரு டோஸ் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "போலீஸ்ல சொல்றது அது இதெல்லாம் நான் பாத்துக்கறேன். அக்ரிமென்ட் மட்டும் நம்மூர் ஆள் ஒருத்தர் பேர்ல இருக்கட்டும். நீயே போட்டுடேன்மா. நீ எந்த ஊர்?"

"ஆதம்பாக்கம், அங்கிள்."

"அதுக்கு முன்னாடி?"

"ஆலந்தூர்."

"பூர்வீகம்?"

அந்த இடத்தில் பஸ் எதுவும் வரவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் என்றேன். செங்கல்பட்டில் எங்கே என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். துள்ளிவிட்டார்.

"அட! எங்க தாத்தாவுக்கு அங்க நிலம் இருந்துதே! லீவு விட்டா அங்கதான். பெரிய ஏரி ஒண்ணு இருக்குமே?"

"இன்னும் இருக்கு அங்கிள். பாதியில பிளாட் போட்டுட்டாங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு கேட்டார்: "நீங்க ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம்?"

'இந்தப் பக்கம்' என்று சொன்னால் போதும். வீடு, வெளிச்சம், கம்பி எல்லாம் கிடைத்துவிடும். சாட்சி சொல்ல ஏரி எழுந்து வரவா போகிறது? சொல்ல நான் தயாராகவும் இருந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எதையும் மறைக்க வழியில்லாத முகத்தோடு தெருத்தெருவாக வந்தவள். அவளை வைத்துக்கொண்டு நான் ஒளிந்துகொள்வது என்னவோ போல இருந்தது. அல்லது காபி நன்றாக இருந்ததால் கொஞ்சம் அசந்துவிட்டேன். எது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

"அந்தப் பக்கம் அங்கிள். காலனி" என்றேன்.

"ஓ" என்றார். "சரி, சரி." முகம் மாறவில்லை. மரியாதையான மனிதர். எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "யோசிச்சுச் சொல்றேம்மா. பையன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்." அதுவரை அந்த வீட்டில் பையன் என்று ஒருவர் இருக்கவே இல்லை.

தெருமுனைவரை தோழிக்கு ஒன்றும் புரியவில்லை. "பால் வெச்சாரு, காபி எங்கமே?" என்றாள். நடந்துகொண்டே சொன்னேன். ஏரிக்கு ஒரு கரையில் ஊர். மறு கரையில் நாங்கள். பெயர் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் அவர் தாத்தாவின் நிலத்தில் யார் தாத்தா வேலை செய்தார் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

அவள் நின்றாள். "அப்போ, எனுக்குக் கெடச்ச வூடு உன்னால பூட்ச்சா?"

"ஆமா."

அவள் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கரிபு" என்றாள். "கரிபு சனா."

நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே அவளுக்கு அந்தப் பொறியாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீடு அவளுக்குத்தானாம். அம்மாவைத் தாராளமாக அழைத்து வரலாமாம். கையெழுத்துக்கு மட்டும் வேறு யாராவது, ஒரு பேராசிரியர் மாதிரி, கிடைத்தால் நல்லதாம். நடந்ததைச் சொல்லி என் கைடைக் கேட்டேன். "தாராளமா போடறேன்" என்றார். அடுத்த மூச்சில், "இதக் கண்டிப்பா எழுதுங்க" என்றார். இந்த முறை ஆய்வாளராக நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதையும் அத்தியாயத்தில் சேர்க்க வேண்டுமாம். நான் சோபாவில் இருந்தேன் சார் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

தோழியிடம் அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மனசார, கோபமில்லாமல் சொன்னேன். சரி, கொஞ்சம் கோபத்தோடுதான். "அந்தக் கம்பி இருக்கு பார். அம்மா கண்ணு முக்கியம்."

"எங்கம்மா கண்ணு எனுக்குத் தெரியாதா?" என்றாள். ரொம்ப நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நீலக் குறி விழுந்திருக்கும், பதில் போயிருக்காது. "நாளிக்கு இன்னொரு வூடு பாப்போம். அது இல்லன்னா அங்கதான் போவணும், வேற வழி இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிடுவேன். நீ வர்றப்பல்லாம் அந்தாளு காபி போட்டே ஆவணும். பால அணைக்கக் கூடாது."

அந்த இன்னொரு வீடு திருவான்மியூரில், கோயிலைத் தாண்டிக் கடலுக்குப் போகும் தெருவில். கீழ்வீடுதான். வீட்டுக்காரர் யார், என்ன என்று புரோக்கர் சொல்லவந்தபோது வேண்டாம் என்றுவிட்டோம். இந்தத் தடவை முறையை மாற்றுவதாக முடிவு. அவள் அவளுடைய தமிழிலேயே பேசுவாள்: மழைக்காலத்தில் தண்ணி உள்ள வருமா, சமையலறையில் ஜன்னல் இருக்கா, குளியலறையில் ஒரு கம்பி அடிச்சுக்கலாமா, கண்ணு ஆபரேசன் பண்ண ஒருத்தர் தூங்குற நேரத்துல மேல யாராச்சும் மிக்ஸி போடுவாங்களா. நான் பேச வேண்டியது ஒரே ஒரு வரி, நாங்கள் ஏரிக்கு எந்தப் பக்கம் என்பது. அதை அவர்கள் கேட்பதற்கு முன்பே, கேட்டில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, இன்டர்வியூவா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் நின்று கேட்டாள். முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் வாய் தமிழாசிரியையின் வாய்: "முணுமுணுக்காத. கடைசிச் சொல்ல முழுங்குற."

உண்மைதான், கடைசிச் சொல் உள்ளே போய்விடுகிறது. காலைக்குள் சரியாகிவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் அவர்கள் பதில் சொல்லி முடித்த பிறகு, எங்களிடமும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நீங்க எந்தப் பக்கம் என்று தோழி கேட்கப்போகிறாள். செருப்பைக் கழற்றி உள்ளே போவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.